முதல் எம்ப்ரொய்டரி மெசின்: 4க்கு 4 பிரேம் போதுமா?

கேள்வி (செங்கலடியிலிருந்து), 2025 ஜனவரி 18

வீட்டோடு தையல் செய்கிறேன். கறுப்புத் தையல் மெசின் ஒன்றும் ஓவர்லொக் ஒன்றும் இருக்கு. எம்ப்ரொய்டரி மெசின் வாங்கலாம் என்று நினைக்கிறேன். கனடாவில் இருக்கிற அண்ணன் அனுப்பித் தருகிறேன் என்கிறார். ஆனால் 4க்கு 4 அங்குலப் பிரேம் உள்ளது விளையாட்டுச் சாமான், வாங்கினால் காசு வீண் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? கையில் பெரிய காசு இல்லை.

2025 ஜனவரி 18, இரவு

தங்கச்சி, விளையாட்டுச் சாமான் என்று சொன்னவர் சாறிச் சட்டைக்குப் பூ வேலை செய்கிறவராக இருப்பார். அவருக்கு அது உண்மைதான். பாடசாலை பட்ஜ் தைக்கிறவருக்கு அதே மெசின் சோறு போடும். நான் களுவாஞ்சிகுடியில் இரண்டையும் வைத்துத் தைக்கிறேன், 4க்கு 4 ஒன்று, 5க்கு 7 ஒன்று. இரண்டும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன.

எந்த மெசின் என்று கேட்பதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். உங்களிடம் வந்து "பூ வேலை செய்து தருவீங்களா" என்று கேட்டு, இல்லை என்று சொல்லி அனுப்பிய வேலைகள் என்னென்ன? சேட்டுப் பையில் பட்ஜா, சட்டையின் பின்கழுத்தா, அபாயாவின் கைக்கரையா, பிள்ளையின் துவாயில் பேரா? ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. அகலம், எத்தனை செ.மீ. உயரம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பினால் பாதி முடிவு வந்துவிடும்.

4க்கு 4 என்றால் அங்குலக் கணக்கு, துணியை இறுக்கிப் பிடிக்கிற பிரேமுக்குள் ஊசி ஓடுகிற இடம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பிரேமின் வெளிவட்டம் அதைவிடப் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்து அளக்கக்கூடாது. "இப்ப இதை வாங்குங்க, பிறகு பெரிய பிரேம் போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிரேமைப் பிடித்து ஆட்டுகிற கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் தையல். நீளப் பிரேம் என்று ஒன்று விற்கிறார்கள். அதில் துணியைக் கழற்றாமல் பிரேமை மட்டும் படிப்படியாக நகர்த்தலாம். ஆனாலும் ஒரு தடவையில் தைக்கிற டிசைன் அந்தப் 10 செ.மீ.க்குள் அடங்கவேண்டும்.

2025 ஜனவரி 19

மாடல் பெயர் கேட்டிருந்தீர்கள். நான் தைத்துப் பார்த்ததையும், பக்கத்தில் தைக்கிறவர்களிடம் ஓடுவதைப் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

கனடா, அமெரிக்கா பக்கம் மலிவாகக் கிடைப்பது ப்ரதர் பிஇ535. எம்ப்ரொய்டரி மட்டும், 10 செ.மீ. பிரேம், நிமிசத்துக்கு 400 தையல், பென் டிரைவ் போடலாம். அதே பிரேமோடு சாதாரணத் தையலும் சேர்ந்தது எஸ்இ600. உங்களிடம் தையல் மெசின் இருக்கிறபடியால் அந்தச் சேர்க்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு பட்ஜ் ஓடுகிற நேரத்தில் நீங்கள் பக்கத்து மெசினில் காற்சட்டை மூட்டலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கைகட்டிக்கொண்டு இருக்கவேண்டும்.

அடுத்த படி பிஇ800. 13 செ.மீ.க்கு 18 செ.மீ., அதாவது 5க்கு 7, நிமிசத்துக்கு 650. விலை முன்னதன் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். இதற்குப் பிறகு வந்த பிஇ900க்கு வைஃபை உண்டு. ஜனோம் மெமரி கிராஃப்ட் 400இ 20க்கு 20, நிமிசத்துக்கு 860. நல்ல மெசின், ஆனால் முதல் மெசினுக்கு அது பெரிய காசு.

மெசினுக்குள் 80 டிசைன், 138 டிசைன் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ரோசாப்பூவும் வண்ணத்துப்பூச்சியும் நம் ஊரில் யாரும் கேட்டு வருவதில்லை. வருகிறவர் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி இதைப் போல என்பார். ஆகவே வெளியிலிருந்து டிசைன் கோப்பு ஏற்றமுடிகிற மெசின் வேண்டும். ப்ரதர் படிக்கிற கோப்பு வகை பிஇஎஸ் (PES), ஜனோம் படிப்பது ஜெஃப் (JEF).

2025 ஜனவரி 19, பின்னேரம்

முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டேன். கனடா மெசின் 120 வோல்ட். நம் வீட்டுக் கரண்ட் 230. பிளக்கை மட்டும் மாற்றி நேரே குத்தினால் அந்தக் கணத்திலேயே உள்ளிருக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட் போய்விடும். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, இந்தியா, டுபாய் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. அனுப்புகிற அண்ணனிடம் மெசினின் அடியில் அல்லது பக்கத்தில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 120 என்றிருந்தால் 230ஐக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வாங்கவேண்டும். செம்புக்கம்பி சுற்றிய, தூக்கினால் பாரமாக இருக்கிற ட்ரான்ஸ்போமர்தான். கையடக்கமாக, பாரமில்லாமல் பயணிகளுக்கென்று விற்கிற மாற்றி முடி உலர்த்திக்குச் சரிவரும், எலெக்ட்ரோனிக் மெசினுக்குச் சரிவராது.

2025 ஜனவரி 23

வருகிற திங்கள் பாடசாலை தொடங்குது. பட்ஜ் வேலை குவிந்துவிட்டது. இரவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் பார்க்கவேண்டும்.

5.5 செ.மீ. பட்ஜ் 40, ஐந்து நிறம். 10 செ.மீ. பிரேமில் ஒரு தடவைக்கு ஒரு பட்ஜ்தான் போகும், இரண்டை அருகருகே வைத்தால் 11 செ.மீ. வேண்டும். அப்போ 40 தடவை பிரேம் மாட்டவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடவை நூல் மாற்றவேண்டும். மொத்தம் 200 தடவை ஊசியில் நூல் கோர்ப்பீர்கள். 13க்கு 18 பிரேமில் அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு மூன்று, ஆக ஆறு பட்ஜ் ஒரே தடவையில். கோப்பில் நிறங்களை ஒன்றுசேர்த்து அடுக்கிவிட்டால் ஆறு பட்ஜின் சிவப்பையும் தைத்து முடித்த பிறகுதான் மஞ்சள் கேட்கும். 40 பட்ஜுக்கு ஏழு தடவை பிரேம், 35 தடவை நூல்.

200க்கும் 35க்கும் உள்ள வித்தியாசம் தோள்ப்பட்டையில் தெரியும்.

ஒற்றை ஊசி மெசினில் நேரத்தைத் தின்பது தையல் வேகம் இல்லை, நூல் மாற்றுவதுதான். பெட்டியில் எழுதியிருக்கிற 400, 650 எல்லாம் நிற்காமல் ஓடினால் வரும் கணக்கு.

2025 ஜனவரி 24

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஆரையம்பதியிலிருந்து ஒரு அக்கா, "அப்போ 4க்கு 4 வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். இல்லை அக்கா. ஒரு பாடசாலையின் மொத்த வேலையை எடுக்கிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. வீட்டுக்கு வந்து தன் பிள்ளையின் இரண்டு சேட்டுக்குக் கேட்கிற தாய்மாருக்குத் தைப்பதென்றால் சின்னப் பிரேம் தாராளம். சின்னப் பிரேமில் துணி இறுக்கமாக நிற்கும், படிக்கிற ஆளுக்கு அது நல்லது. பெரிய பிரேமின் நடுவில் துணி தளர்ந்து டிசைன் சுருங்குவதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கண்டுபிடிக்கக் கனநாள் ஆகும்.

இன்னொன்று. தைத்து முடித்த சேட்டின் பையில் நேரடியாகப் பட்ஜ் போடமுடியாது, பையும் சேட்டும் சேர்ந்து தைபட்டுப் பை மூடிவிடும். பையைப் பிரித்தெடுத்துத் தைத்துத் திரும்ப வைக்கவேண்டும், அல்லது பட்ஜைத் தனித்துணியில் தைத்து ஓரம் கட்டி ஒட்டித் தைக்கவேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். பிள்ளை வளர்ந்து சேட்டு மாறினாலும் பட்ஜை எடுத்து அடுத்ததில் வைக்கலாம், தாய்மார் அதை விரும்புகிறார்கள்.

2025 பெப்ரவரி 11

ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனபோது பாதி பட்ஜில் நின்ற ஆட்கள் பலர் இங்கே எழுதியிருக்கிறீர்கள். நேற்றும் இன்றும் நேரம் வைத்து வெட்டுகிறார்கள். ஆகவே இதையும் மெசின் தெரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் ப்ரதர் மெசின் நின்ற இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். கரண்ட் வந்து மெசினைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்கும். அதற்கு ஒரே நிபந்தனை, துணியைப் பிரேமிலிருந்து கழற்றியிருக்கக்கூடாது. அரை மில்லிமீற்றர் தள்ளிப்போனாலும் நெருக்கமாக நிரப்பித் தைக்கிற சாட்டின் தையலில் பிளவு தெரியும். தொடரும்போது பத்துப் பதினைந்து தையல் பின்னுக்குப் போய்த் தொடங்கினால் இணைப்பு மறைந்துவிடும். பழைய மெசின் வாங்குகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கரண்ட் போன உடனே ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள், திரும்பி வரும்போது வருகிற அடிதான் போர்டைக் கொல்வது.

2025 பெப்ரவரி 16

தமிழில் பேர் தைப்பதைப் பற்றி மூன்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இதை ஆறுதலாக எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன்.

இந்த விலையில் நான் பார்த்த எந்த மெசினிலும் உள்ளே தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்து ஒன்பது வகை, பதினொரு வகை என்று இருக்கும், தமிழ் நாமே செய்யவேண்டும். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கணினியில் இங்க்ஸ்கேப் என்ற படம் வரைகிற மென்பொருளும், அதோடு சேர்கிற இங்க்ஸ்டிட்ச் என்பதும் இலவசம். இங்க்ஸ்கேப்பில் பேரைத் தட்டி, கோடாக மாற்றி, இங்க்ஸ்டிட்சில் தையலாக மாற்றி, பிஇஎஸ் கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் போட்டால் மெசின் தைக்கும். யூனிகோட் எழுத்து வேண்டும் என்றில்லை. கல்யாணக் கார்ட் அடிக்கிற கடைகளில் இன்னும் ஓடுகிற பாமினியும் இதற்கு வேலை செய்யும், ஏனென்றால் கோடாக மாற்றிய பிறகு அது வெறும் வடிவம்தான்.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். துணியில் தையல் விழும்போது துணி உள்ளுக்கு இழுபடும். திரையில் வட்டமாகத் தெரிவது துணியில் முட்டை வடிவமாக வரும். தமிழ் எழுத்தில் சுழி கூட. ண, ஞ, இ போன்றவற்றின் உள்வெளி அடைபட்டு எழுத்து ஒரு கட்டியாகிவிடும். ஆங்கில எழுத்தை 6 மி.மீ. உயரத்தில் வாசிக்கத் தைக்கலாம். தமிழை 12 மி.மீ.க்குக் குறைத்தால் எனக்குத் திருப்தியாக வந்ததில்லை. மெல்லிய கோடுள்ள எழுத்துருவும் வேண்டாம், கோட்டின் அகலம் ஒரு மில்லிமீற்றராவது இருக்கட்டும். இழுபடுவதை ஈடுசெய்யக் கோட்டைக் கொஞ்சம் அகலமாக்குகிற வசதி இங்க்ஸ்டிட்சில் உண்டு, 0.2 மி.மீ.யிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

பிறகு புள்ளி. கண்ணன் என்ற பேரில் இரண்டு புள்ளி. எழுத்துருவில் உள்ள அளவிலேயே விட்டால் பல நேரம் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கி நூல் அடியில் சிக்கும், வெள்ளைத் துணி என்றால் ஓட்டையே விழும். நான் புள்ளியை அழித்துவிட்டு 2 மி.மீ. வட்டம் ஒன்றைத் தனியாக வரைந்து வைக்கிறேன். அடுத்தது தைக்கிற ஒழுங்கு. எழுத்தெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் புள்ளிகளைத் தைத்தால் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் பேருக்கு மேலாலே நூல் இழுபட்டுக் கிடக்கும். இந்த விலை மெசின்கள் பலவும் அந்த நூலைத் தானே வெட்டாது, நீங்கள்தான் நுனிக் கத்திரியால் வெட்டவேண்டும். எழுத்து, அதன் புள்ளி, அடுத்த எழுத்து என்று அடுக்கினால் தாவல் குறையும்.

இதைப் படிக்க ஒரு நல்ல மழைக்காலம் போகும். ஆனால் படித்தவரிடம் வேலை தேடி வரும். கோயில் திருவிழாவுக்குத் தொண்டர் சேட்டில் தமிழில் பேர் வேண்டும் என்றால் ஆங்கில எழுத்து மட்டும் தைக்கத் தெரிந்தவரிடம் போகமாட்டார்கள்.

2025 மார்ச் 9

சம்மாந்துறையில் கடை வைத்திருக்கிற ஒரு நானா எழுதியதற்குப் பதில். ஒற்றை ஊசி மெசினைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லவே கூடாது, சீனாவிலிருந்து வருகிற 12 ஊசி மெசினுக்குத்தான் போகவேண்டும் என்கிறார். நானா, உங்கள் கடையைப் போல நோன்பு காலத்தில் அபாயா வேலை மலையாகக் குவிகிற இடத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 12 நிறமும் ஒரே தடவையில் மாட்டிவிட்டு விடலாம், நூல் மாற்ற ஆள் நிற்கத் தேவையில்லை. தைத்து மூட்டிய கையையும் அதில் நுழைத்துத் தைக்கலாம். எங்கள் வீட்டு மெசினின் அடி தட்டை, கைக்கரைக்கு வேலை செய்வதென்றால் கையை மூட்டுவதற்கு முன் விரித்த துணியாகவே கொடுக்கவேண்டும். கொண்டுவருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முழுதாகத் தைத்த அபாயாவோடு வந்து நிற்பார்கள்.

ஆனால் செங்கலடித் தங்கச்சியின் வீட்டில் அந்த மெசினை எங்கே வைப்பது? அது பல ஆட்கள் சேர்ந்து தூக்குகிற சாமான், அதிராத நிலம் வேண்டும். காசும் பல மடங்கு. அவர் முதலில் கையில் வேலை பிடிக்கட்டும். வேலை கூடினால் உங்களிடமே கொண்டுவந்து தருவார்.

உங்கள் கோப்புகளைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பெரிய மெசின்காரர் தருவது டிஎஸ்டி கோப்பு. ப்ரதரும் அதைப் படிக்கும், ஆனால் டிஎஸ்டிக்குள் நிற விபரம் கிடையாது. திரையில் கண்டபடி நிறம் காட்டும். பயப்படவேண்டாம், எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு அந்த ஒழுங்கில் நூல் போட்டால் சரி.

2025 மார்ச் 9, இரவு

அபாயாவுக்கு எடுக்கிற நிடாத் துணி வழுக்கும், பிரேமில் இறுக்கினால் தடம் விழுந்து கறுப்பில் அது போகாது. துணி இழுபடாமல் அடியில் வைக்கிற ஸ்டெபிலைசர் தாளை மட்டும் பிரேமில் மாட்டி, அதன்மேல் பசை ஸ்ப்ரே அடித்துத் துணியை ஒட்டித் தைத்துப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 20

வருசப்பிறப்புக்கு வந்துபோன ஆட்களிடம் கேட்ட கதைகள் மனதைவிட்டுப் போகவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். மெசினுக்கு, கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடன் எடுக்கலாமா என்று இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள்.

எடுக்காதீர்கள். இதை நான் யாரையும் பயப்படுத்தச் சொல்லவில்லை. எம்ப்ரொய்டரி வேலை பருவத்துக்கு வருவது. ஜனவரியில் பட்ஜ், பிறகு விளையாட்டுப் போட்டிக்கு இல்லப் பேர், நோன்புப் பெருநாளுக்கு அபாயா, வைகாசி, ஆடியில் கோயில், கல்யாணக் காலத்தில் சட்டை. இடையில் ஒன்றும் இல்லாத மாதங்கள் வரும். மாரிமழையில் வெள்ளம் ஏறினால் ஆட்களே வெளியில் வரமாட்டார்கள். கிழமைக் கட்டணம் பருவம் பார்க்காது, ஒவ்வொரு கிழமையும் அதே நாளில் வந்து நிற்கும். கட்ட முடியாத கிழமைக்கு இன்னொரு இடத்தில் வாங்கி இங்கே கட்டுகிற பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மெசின் ஓடாத மாதத்தில் அந்த மெசினே வீட்டைவிட்டுப் போகிறது.

சீட்டுக் காசு வந்தால் வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர் தந்தால் வாங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் உள்ள மெசினிலேயே கையால் பூ வேலை செய்து கொஞ்சம் சேருங்கள், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மெசின் வாங்குவதும் நல்ல யோசனை, ஒருவர் கோப்பு செய்ய ஒருவர் தைக்க. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சோடி நன்றாகச் செய்கிறார்கள்.

இங்கே கடையில் வாங்குவதென்றால் வரியோடு சேர்த்து விலை கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 வீதம், அதைச் சேர்க்காமல் விலை சொல்லி ஆசைகாட்டுகிறவர்கள் உண்டு. மெசின் விலைக்கு மேலே நூல், ஸ்டெபிலைசர், ஊசி, அடிநூல் சுற்றுகிற பொபின் என்று முதல் நாளே வேண்டியவற்றுக்கும் காசு ஒதுக்குங்கள்.

2025 மே 25

பழைய மெசின். ஏறாவூரில் ஒன்று விலைக்கு இருக்கிறது, பார்க்கப் போகிறேன், எதைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட தம்பிக்கு.

போகும்போது உங்கள் பென் டிரைவில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வெறும் கோட்டுத் தையலாகச் செய்து கொண்டுபோங்கள். பிரேமை நிரப்புகிற அளவு பெரிதாக இருக்கட்டும். தடித்த பருத்தித் துணியில் தைத்துப் பாருங்கள். தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தால் மெசினின் கை சரி. வட்டம் மூடாமல் கொஞ்சம் தள்ளி முடிந்தாலோ, சதுரத்தின் மூலை சரிந்திருந்தாலோ துணியை இன்னும் இறுக்கி மாட்டி இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். மலிவாகத் தருகிறேன் என்று எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.

அடுத்தது அடிப்பக்கம். மேல்நூலில் கறுப்பும் பொபினில் வெள்ளையும் போட்டு ஐ என்ற ஆங்கில எழுத்தைத் தடிப்பாகத் தைத்துத் திருப்புங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை, இரண்டு பக்கமும் கறுப்பு என்று வரவேண்டும். முழுக்கக் கறுப்பு என்றால் மேல்நூல் தளர்ச்சி, மேலே வெள்ளை எட்டிப்பார்த்தால் மேல்நூல் இறுக்கம். இது சரிசெய்யக்கூடியது, இதற்காக மெசினை விடவேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கோப்பு எப்படி உள்ளே போகிறது என்று பாருங்கள். ப்ரதர் எஸ்இ400 போன்றவை பென் டிரைவ் எடுக்காது, கேபிளால் கணினியோடு இணைக்கவேண்டும். அதற்கும் முந்தியவை கார்ட் கேட்கும், இப்போது அந்தக் கார்ட் தேடுவது பெரும்பாடு. சிங்கர் ஃபியூச்சரா வகை கணினியோடு கட்டியபடியே தைக்கும், அதன் பழைய மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடுமா என்பதை வாங்குகிற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். பிரேம் உடைந்திருந்தால், துணியை அழுத்துகிற எம்ப்ரொய்டரிப் பாதம் இல்லாவிட்டால், அவை தனியாக வாங்குகிற விலையைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

கறுப்பு மெசினுக்கு எந்தச் சந்திக் கடையிலும் சாமான் கிடைக்கும். சிங்கர் இந்த நாட்டுக்கு வந்தது 1877இல், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் திருத்திப் பழகிய கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எம்ப்ரொய்டரி மெசினின் போர்ட் போனால் இங்கே பார்க்கக்கூடியவர் அரிது, கொழும்புக்குத்தான் போகவேண்டிவரும். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிற செலவையும் யோசியுங்கள்.

2025 ஜூன் 8

கையால் பூ வேலை பற்றி எழுதுகிறேன் என்று ஏப்ரலில் சொன்னது நிலுவையில் இருக்கு. கல்முனையிலிருந்து ஒரு ஐயா அதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: சிக்சாக் மெசின் தெரிந்தவனுக்குக் கணினி மெசின் எதற்கு? அவர் சொல்வதை நான் மதிக்கிறேன்.

முழங்காலால் அழுத்தி அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற சிக்சாக் எம்ப்ரொய்டரி மெசின் உண்டு. பாதமே இல்லை. மரவளையத்தில் இறுக்கிய துணியைக் கையால் நகர்த்தி, முழங்காலால் இலையை அகலித்து நுனியை ஒடுக்குகிறார்கள். நல்ல கை என்றால் மயில் தோகை ஒன்றைக் கோப்பும் இல்லை, படமும் இல்லை, சோக்கட்டியால் இழுத்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு தைத்துவிடும். இந்த வைகாசிச் சடங்குக்கு எங்கள் பக்கத்துக் கோயிலுக்குத் திரைச்சீலை ஒன்று அப்படித்தான் வந்தது. ஆளுயர மயில். அதை என் மெசினில் 10 செ.மீ., 18 செ.மீ. துண்டுகளாகத் தைத்து ஒட்டியிருந்தால் ஆடி அமாவாசைக்குக்கூட முடிந்திராது.

சாறிக்கரையும் அப்படித்தான். ஐந்தரை மீற்றர் சாறிக்கு 10 செ.மீ. பிரேமில் 55 தடவை, 18 செ.மீ. பிரேமில் 31 தடவை பிரேம் மாட்டவேண்டும், ஒவ்வொரு தடவையும் முந்தினதோடு பொருத்தவேண்டும். சாறிக்கரை உங்கள் கொப்பியில் முதல் வரியில் இருந்தால் இந்தச் சின்ன மெசின்கள் ஒன்றுமே வேண்டாம், ஐயா சொல்கிற மெசினைப் பழகுங்கள். 40 பட்ஜும் ஒரே மாதிரி வரவேண்டும், ஒரே பேரைத் திரும்பத் திரும்பத் தைக்கவேண்டும் என்றால் கணினி மெசின். இரண்டும் வேறு வேறு வேலை. உங்கள் கறுப்பு மெசினிலேயே பாதத்தைக் கழற்றி, துணியை நகர்த்துகிற பல்லை மூடி, வளையத்தில் துணி மாட்டிப் பழகிப் பாருங்கள் தங்கச்சி, ஒரு சதமும் செலவில்லை. துணி எப்படி இழுபடுகிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் பிறகு கோப்பு செய்யும்போது எங்கே அகலம் கூட்டவேண்டும் என்பது தானாக வரும்.

2025 ஜூன் 8, பின்னேரம்

மருதமுனைக் கைத்தறியில் தைக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. நெசவு கொஞ்சம் தளர்வு என்பதால் கிழித்தெடுக்கிற ஸ்டெபிலைசர் போதாது, வெட்டியெடுக்கிறதை வையுங்கள். முதலில் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிட்டுத் தையுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பில் துணி சுருங்கி, பூ சுருங்காமல் கொப்பளம் போல எழும்பி நிற்கும்.

2025 ஜூலை 6

செங்கலடிக்கு மெசின் வந்துவிட்டது. கொப்பியில் பாடசாலை பட்ஜும் பிள்ளைகளின் பேரும்தான் கூட வந்ததால் அண்ணன் பிஇ535ஐயே அனுப்பியிருக்கிறார், மிச்சக் காசுக்கு நூலும் ஸ்டெபிலைசரும். சரியான முடிவு. ட்ரான்ஸ்போமர் 300 வாட் போதும், இந்த மெசின் நூறு வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். அது சூடாகும், துணி மேலே படாமல் நிலத்தில் வையுங்கள்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்டிருப்பது 16ஆம் நம்பர் ஊசி, காற்சட்டை தைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 75/11 எம்ப்ரொய்டரி ஊசி போடுங்கள். கடையில் 11 என்று கேட்டால் தருவார்கள், தட்டையான பக்கம் பின்னுக்கு இருக்கவேண்டும். மேலே 40 நம்பர் எம்ப்ரொய்டரி நூல்தான், சேட்டுத் தைக்கிற நூல் பஞ்சு கொட்டி பொபின் இடத்தை அடைக்கும். கறுப்பு மெசினின் இரும்பு பொபினை இதில் போடாதீர்கள், கூட வந்த பிளாஸ்ரிக் பொபினையே சுற்றுங்கள். மேல்நூல் கோர்க்கும்போது பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோருங்கள், இறக்கியிருந்தால் நூல் இறுக்கத் தட்டுகளுக்குள் போகாது, அடியில் கூடு கட்டும். இதெல்லாம் செய்தும் சரிக நூல் மட்டும் அறுந்தால் 90/14 ஊசிக்கு மாறி, வேகத்தைக் குறைத்து, நூற்கட்டையை மெசினிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு கோப்பைக்குள் நிற்கவைத்து ஓடவிட்டுப் பாருங்கள்.